நண்டுக்கும் பாடு போட்டாச்சு

கோட்டைக்குப்பம்,
22 ஜனவரி 2025

ஜமுனாவுக்கு உன் அண்ணி மனோரமா எழுதுறது.

என் நம்பரை நீ பிளாக் பண்ணிட்டே. சரி. போஸ்ட்மேனை பிளாக் பண்ண முடியாது இல்ல? அதான் எழுதுறேன். கடைசியா நான் கடுதாசி எழுதினது பத்தாவது பரீட்சையிலதான், வெள்ள நிவாரணம் கேட்டு தாசில்தாருக்கு. அதுக்கு நல்ல மார்க்கு போட்டாங்க. இதுக்கு நீ இன்னா போடுவியோ தெரியல.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பொங்கலுக்கு வந்தவ சாப்பிடாம பையைத் தூக்கிக்கினு பஸ் ஏறிட்டியே, அது ஒண்ணுதான் மனசுல நிக்குது. உனக்குன்னு எடுத்து வச்ச எறா தொக்கை உங்க அண்ணன்தான் தின்னாரு. "அவ கோவம் நல்லாத்தான் ருசியா இருக்கு"ன்னு சொல்லிக்கினே தின்னாரு.

விஷயத்துக்கு வரேன். நீ செஞ்ச நண்டு அழகு. அதுல எனக்கு உன்னோட ஒரு சண்டையும் இல்ல. கிழிஞ்ச வலை, ஒடஞ்ச மீன்புடி போட்டோட ஃபைபரு, துருப்பிடிச்ச இன்ஜின் விசிறி, கரையில ஒதுங்குன மிதவை. நாங்க குப்பைன்னு தூக்கிப் போட்டதை வச்சு வீடு உசரத்துக்கு ஒரு பச்சை நண்டை நிக்க வச்சியே, உங்க அண்ணன் ஊரெல்லாம் கூட்டியாந்து காட்டினாரு. எனக்கும் பெருமைதான்.

ஆனா எங்க நிக்க வச்சே? பூவரச மரத்தடியில. ஏரிக்கரையில ஆம்பளைங்களுக்கு ஏலக்கூடம் இருக்கு, தகரக் கூரை இருக்கு, ஃபேனு கூட இருக்கு. எறா பிரிக்கிற பொம்பளைங்களுக்கு அந்த ஒரு மரத்து நிழலுதான் இருக்கு. இப்ப நிழல்ல நண்டு நிக்குது, நாங்க வெயில்ல குந்திக்கினு இருக்கோம். ஆபீசருங்களைக் கேட்டே. மெட்ராஸ்ல உனக்கு இந்த வேலையைக் குடுத்த கலைக்குழு சீனிவாசன் சாரைக் கேட்டே. பஞ்சாயத்துல கேட்டே. அங்க உட்கார்ற எங்களைக் கேட்டியா? பொங்கலன்னைக்கு நான் கேட்டதுக்கு, "இது பொது இடம் அண்ணி"ன்னே. பொதுன்னா அதுல நாங்க இல்லையா?

அதனால உன்கிட்ட சொல்லாம ஒரு வேலை செஞ்சுட்டோம். நேத்து காலையில பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து கால் புதைச்ச மண்ணைத் தோண்டி, போட்டைத் தள்ற மாதிரி அடியில கட்டை குடுத்து, நண்டை நகர்த்திட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. திட்டணும்னா திட்டு. ஆனா திட்டுறதை எழுத்துல திட்டு, நான் படிக்கணும்.

மனோரமா


வதோதரா,
31 ஜனவரி 2025

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எழுத்தில் திட்டச் சொன்னீர்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

எனக்குத் தலை பின்னிவிட்ட காலத்திலிருந்து உங்களுக்கு ஒரு பழக்கம். பின்னல் பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னுவீர்கள். நான் கத்தினாலும் விடமாட்டீர்கள். ஆனால் அண்ணி, இது என் தலை இல்லை. என் வேலை. மேசை நாற்காலி மாதிரி இழுத்துப் போட முடியாது. அந்த நண்டு ஏரியைப் பார்த்துத் திரும்பியிருக்கும் விதம், சாயங்கால வெயில் மிதவைகள் வழியாகப் புகுந்து முதுகில் விழும் விதம் எல்லாம் நான் பல மாதம் யோசித்து வைத்தது. இங்கே கல்லூரியில் பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்பில் சொல்வதே அதுதான்: ஒரு சிற்பத்தில் பாதி, அது நிற்கிற இடம்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அது அம்மா உட்கார்ந்த இடம். நைனா வலையோடு கரை சேரும்வரை அம்மா அங்கேதான் இருப்பாள். அம்மா போன பிறகு ஊரில் அவள் பெயரைச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு போட்டோ கூட ஒழுங்காக இல்லை. அதனால்தான் அங்கே வைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

ஏப்ரலில் சீனிவாசன் சார் தன் குழுவோடு வந்து பார்ப்பார். நான் ஊருக்குள் செய்த முதல் வேலை இது. அவர்கள் வரும்போது நண்டு வைத்த இடத்தில் இல்லை என்றால், அடுத்து யாரும் என்னை நம்பி ஒரு செங்கல் கூடத் தரமாட்டார்கள். தயவுசெய்து பழைய இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள்.

ஜமுனா

பி.கு: கால் எதுவும் உடையவில்லையே? எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்?


கோட்டைக்குப்பம்,
18 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜமுனா,

உன் கடுதாசி வந்து பத்து நாளுக்கு மேல ஆவுது. உடனே எழுத முடியல. முதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு. அப்புறம் நண்டுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை வந்துக்கினே இருந்துச்சு.

கால் எல்லாம் நல்லா இருக்கு. நாங்க நகர்த்தி ஏலக்கூடத்துப் பக்கத்துல வச்சோம். மறுநாள் ஐஸ் வண்டி வந்துச்சு, திரும்ப இடமில்ல. டிரைவர் ஆரன் அடிக்கிறான், நண்டு அசையுமா? இறங்கி வந்து பார்த்துட்டு, "இன்னா அண்ணாத்தை, இவ்ளோ பெருசு எந்த வலையில மாட்டுச்சு?"ன்னான். அன்னிலேருந்து ஆம்பளைங்களுக்கும் நண்டு ஆவல. நாங்க நகர்த்தினப்ப பார்த்துச் சிரிச்ச அவங்களே இடுப்புல துண்டைக் கட்டிக்கினு தூக்கி ஏரி ஓரத்துல கொண்டுபோய் நிறுத்தினாங்க. அங்கயாவது சும்மா இருந்துச்சா? பௌர்ணமிக்குக் கடல் தண்ணி உள்ள வந்து ஏரி ஏறிச்சு. காலையில எழுந்து பார்க்கிறோம், நண்டு முட்டிக்கால் தண்ணியில நிக்குது. முதுகு பூரா நீர்க்காக்கா. இறக்கையை விரிச்சு வச்சுக்கினு வரிசையா உட்கார்ந்து வெயில் காயுது. நீ பார்த்திருக்கணும் ஜமுனா. நிஜமாவே ஏரியிலேருந்து ஏறி வந்த மாதிரி இருந்துச்சு. நானே கையில இருந்த கொடத்தைக் கீழ வச்சுட்டு நின்னுட்டேன்.

உங்க அண்ணன் அது கால்ல போட்டைக் கட்டிட்டாரு. காத்து அடிச்சு போட்டு இழுத்ததுல வலது கொடுக்கு கழண்டு விழுந்துச்சு. திட்டாதே. நம்ம பக்கத்து வூட்டு ஜான்சன், காட்டுப்பள்ளியில வெல்டரா இருக்கானே, அவன் ஞாயித்துக்கிழமை கோயில் முடிச்ச கையோட வந்து பத்த வச்சுக் குடுத்தான். கொஞ்சம் தலைகீழா வச்சுட்டான். நீ வச்சப்ப கொடுக்கு கீழ பார்த்துக்கினு இருந்துச்சு, இப்ப மேல பார்க்குது. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க.

இப்ப அந்த இன்னொரு விஷயம். அது அத்தை உட்கார்ந்த இடம்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆகி வந்த புதுசுல எனக்கு இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது. எறா பிரிக்கவும் தெரியாது. முள்ளு குத்தி விரலெல்லாம் ரத்தம். அத்தைதான் தள்ளி உட்கார்ந்து, பக்கத்துல இடம் குடுத்து, "குந்து"ன்னாங்க. அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்லல. அன்னிலேருந்து நான் இந்த ஊரு. போன வருசம் புதுசா வந்த பொண்ணுக்கு நான் தள்ளி உட்கார்ந்து இடம் குடுத்தேன். அத்தைக்கு அங்க பேரு இருந்துச்சு ஜமுனா. நீ நண்டை வச்சதும்தான் இல்லாம போச்சு.

இதை நான் கோவத்துல எழுதல. அந்த விஷயத்தை நீ முன்னாடியே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுட்டு வேற இடம் பார்த்திருப்போம். அதுக்குத்தான் எழுதுறேன்.

நண்டு இப்ப தண்ணியிலதான் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். அவரை நீ பிளாக் பண்ணலையாமே?

மனோரமா


வதோதரா,
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணி,

அண்ணன் அனுப்பிய போட்டோவை வகுப்பு நடுவில் திறந்துவிட்டேன். நீர்க்காக்கைகளைப் பார்த்ததும் "ஐயோ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து போனைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கொடுக்கைப் பார்த்ததும் முதலில் படத்தைப் பெரிதாக்கி, எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடினேன். பிறகு பார்க்கப் பார்க்க, ஜான்சன் அண்ணன் செய்ததுதான் சரி என்று பட்டது. நான் செய்த நண்டு தலை குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. இது நிமிர்ந்து கூப்பிடுகிறது. அப்படியே இருக்கட்டும். அவரிடம் சொல்லுங்கள், ஆனால் ரொம்பப் புகழ வேண்டாம், அடுத்து எல்லாக் காலையும் திருப்பி வைத்துவிடுவார்.

அம்மா உங்களுக்கு இடம் கொடுத்ததைப் படித்துவிட்டு விடுதிக்குப் போகாமல் தெருத் தெருவாக நடந்தேன். எத்தனை வருஷமாக உங்களோடு இருந்திருக்கிறேன், இதை ஒருநாளும் நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். ஆபீசரைக் கேட்ட மாதிரி இல்லை. அங்கே உட்கார்கிறவர்களைக் கேட்கிறேன். நண்டு எங்கே இருக்க வேண்டும்? உங்களோடு எறா பிரிக்கிற எல்லோரிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். வேண்டவே வேண்டாம், பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று சொன்னாலும் சரிதான். (இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். ஆனாலும் அடிக்கவில்லை.)

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கடிதத்தை நிறுத்தாதீர்கள். போனில் நீங்கள் "சாப்ட்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் வேறு மனோரமா வருகிறாள்.

உங்கள் ஜமுனா


கோட்டைக்குப்பம்,
7 மார்ச் 2025

அன்புள்ள ஜமுனா,

நீ கேட்டாலும் கேட்டே, ஊர் ரெண்டு பட்டுப்போச்சு.

மரத்தடியில எல்லாரும் உட்கார்ந்ததும் உன் கடுதாசியைப் படிச்சேன். பழைய இரும்புக்குப் போடுன்னு வந்த இடத்துல எல்லாரும் ஒரே சத்தம். "இன்னா பேச்சு பேசுது இந்தப் பொண்ணு, நம்ம நண்டை யாரு எடைக்குப் போடுவாங்க?"ன்னு. ஒரு மாசத்துக்கு முன்னாடி தோண்டி எடுத்தவங்கதான் இவங்க எல்லாம்! நம்ம நண்டாம்!

எங்க வைக்கலாம்னு கேட்டேன். ஆளுக்கு ஒரு பதிலு. ஒருத்தி கோயில் வாசல்ல வைன்னா. ஒருத்தி பஸ் ஸ்டாண்டுன்னா. இன்னொருத்தி, தண்ணியிலயே இருக்கட்டும், ராத்திரி போட்டு வர்றவங்களுக்கு அடையாளம்னா. அந்த நேரம் பார்த்து ஏரிக்கு அந்தாண்ட இருக்கற சுண்ணாம்புக்குளத்து நாகம்மாள் வந்துச்சு. உனக்குத் தெரியாது. பழவேற்காடு மார்க்கெட்டுக்கு எறா கொண்டாற பொம்பளை. வலை, போட்டு எதுவும் கிடையாது. இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு நடந்து, கையாலயே சேத்தைத் தடவி எறா புடிக்கும். புடிச்சதைப் போட பனையோலைப் பறியை வாயில கவ்விக்கினு இருக்கும். அதனால கரையில பேச ஆரம்பிச்சா நிறுத்தாது, நாள் பூரா வாயைக் கட்டி வச்சதுக்குச் சேர்த்து வச்சுப் பேசும்.

அது உன் கடுதாசியைக் கேட்டுட்டு, "உங்களுக்கு மரம் இருக்கு. எங்க கரையில ஒரு முள்ளுச்செடி கூட கிடையாது. தண்ணியிலேருந்து ஏறினா உச்சி வெயில்தான். அந்த நண்டு வயித்துக்கு அடியில நாலு பேரு உட்கார்ற மாதிரி இருந்தா எங்களுக்குக் குடுங்க"ன்னுச்சு. எல்லாரும் தலைக்கு மேல இருந்த மரத்தை ஒரு தடவை பார்த்துக்கினாங்க. அப்புறம் மறுபடியும் சண்டை. எங்களுக்கு, உங்களுக்கு, முதல்ல யாரு, எத்தனை நாளு.

அப்பத்தான் எனக்கு வாயில வந்துச்சு: "பாடு போட்டுடலாம்."

உனக்கு ஞாபகம் இருக்கும். ஏரியில இன்னைக்கு யாரு எந்த இடத்துல வலை போடுறதுன்னு முறை வச்சுப் பிரிக்கிறாங்களே, அந்தப் பாடு. நல்ல இடம் ஒருத்தருக்கே போகக் கூடாது, எல்லாருக்கும் மாத்தி மாத்தி வரணும்னு. ஏரிக்கே பாடு இருக்கும்போது நண்டுக்கு இருக்கக் கூடாதா? ஆம்பளைங்கதான் பாடு போடுவாங்க, நாங்க போட்டதில்ல. போட்டோம். துண்டுச் சீட்டுல ஏரியைச் சுத்தியுள்ள ஊருங்க பேரு எழுதி, எறாக் கூடையில போட்டுக் குலுக்கினோம். ஒரு ஊர்ல ஒரு பருவம், அப்புறம் அடுத்த ஊர்.

முதல் பாடு சுண்ணாம்புக்குளத்துக்கு விழுந்துச்சு.

நாகம்மாள் குதிக்குது. எனக்கு மூஞ்சி விழுந்துடுச்சு ஜமுனா. வேணாம்னு தோண்டி எடுத்தவ நான்தான், இப்ப போவுதேன்னு சோறு எறங்கல. உங்க அண்ணன் பார்த்துட்டு, "இன்னா, நாத்தனாரை அனுப்பற மாதிரி உட்கார்ந்திருக்கே?"ன்னு கேலி பண்றாரு.

நீதான் வழி சொல்லணும். இவ்ளோ பெரிய நண்டை ஏரி தாண்டி எப்படிக் கொண்டுபோறது? வயித்துக்கு அடியில நிழலு வர்ற மாதிரி முதுகை மாத்த முடியுமா? சீனிவாசன் சாருக்கு இன்னா பதில் சொல்லப் போறே? அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

மனோரமா


வதோதரா,
14 மார்ச் 2025

என் அண்ணி,

உங்கள் கடிதத்தை வாங்கிப் பிரித்த இடத்திலேயே, தபால் பெட்டி பக்கத்தில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். காவலாளி வந்து, ஊரில் எல்லோரும் நலமா என்று இந்தியில் விசாரித்துவிட்டுப் போனார். நான் சிரித்த சிரிப்பை அழுகை என்று நினைத்திருப்பார்.

எட்டு வருஷமாகச் சிற்பம் படித்து, சொல்லியும் கொடுக்கிறேன். நிற்கிற இடம் பாதி சிற்பம் என்று நானே வாய் கிழியப் பேசியிருக்கிறேன். இடம் மாறி மாறிப் போவதே ஒரு சிற்பமாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, சந்தோஷத்தில். வரைந்துகொண்டே இருந்தேன்.

முதுகை உயர்த்திவிடலாம். ஃபைபரை எடுத்துவிட்டு வலையாலேயே நெருக்கமாகப் பின்னினால் நிழலும் வரும், காற்றும் போகும், எடையும் குறையும். கால்களைக் கொஞ்சம் அகட்டினால் அடியில் நான்கு பேர் இல்லை, பத்துப் பேர் உட்காரலாம். சாமி தூக்குகிற மாதிரி இரண்டு பக்கமும் நீளக் கழி செருக வளையம் வைக்கிறேன். வலை பின்ன எனக்குக் கை போதாது. நீங்கள் எல்லோரும் வேண்டும்.

சீனிவாசன் சாருக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷர்தான், ஆனால் பதறிவிட்டார். "அம்மா, ஒப்பந்தத்தில் கோட்டைக்குப்பம் என்று இருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் எங்கள் பெயர்ப் பலகையை எங்கே நடுவது? பார்க்க வருகிறவர்களுக்கு என்ன வழி சொல்வது?" என்றார். பழைய இடத்துக்குப் போகாவிட்டால் இது தங்கள் குழுவின் வேலையாக இருக்காது, அடுத்து எனக்குத் தருவதாகச் சொன்ன பெரிய வேலையும் இருக்காது என்று மென்மையாகத்தான் சொன்னார்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். கல்லூரித் தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெரிய வேலையை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் உட்கார்ந்தால் கண்ணில் தெரிந்ததெல்லாம் எறாக் கூடையில் சீட்டுக் குலுக்கும் உங்கள் கைதான். மறுநாள் கூப்பிட்டு, "சார், நண்டுக்கு ஊரில் பாடு போட்டுவிட்டார்கள். அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை" என்றேன். "பாடு என்றால் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "ஏப்ரலில் எப்படியும் வருகிறேன். வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்" என்று வைத்துவிட்டார். எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த வாரம் ரயில் ஏறுகிறேன். பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறேன். எறா தொக்கை இந்தத் தடவை அண்ணன் கண்ணில் காட்டாதீர்கள்.

ஜமுனா


வதோதரா,
5 ஏப்ரல் 2025

அண்ணி,

வந்து சேர்ந்தேன். கையில் இன்னும் வலையின் உப்பு வாசனை போகவில்லை. போகவும் வேண்டாம்.

அந்தப் பத்து நாளும் மரத்தடியில் உங்களோடு உட்கார்ந்து முதுகு பின்னியதுதான் கண்ணில் நிற்கிறது. நான் வரைந்து கொடுத்த முடிச்சை ஒருத்தரும் போடவில்லை. ஆளுக்கு ஒரு பின்னல் போட்டு, நடு முதுகில் யாரோ ஜடை மாதிரி ஒன்று பின்னியிருந்தீர்களே, அது நீங்கள்தானே? பிரிக்கச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முன்னேற்றம் அதுதான்.

இருபத்தொன்றாம் தேதி நண்டு ஏரி தாண்டுகிறது என்று அண்ணன் சொன்னார். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், கடலுக்குப் போகாத படகெல்லாம் சும்மா இருக்கும், நல்ல யோசனை. ஆனால் அன்றுதான் இங்கே என் பிள்ளைகளின் கடைசி வருஷக் கண்காட்சி. அவர்களை விட்டுவிட்டு வர முடியாது. சீனிவாசன் சார் அன்று அங்கே வருகிறார். நான் பக்கத்தில் இல்லாமல் அவர் பார்க்கப் போகிறார். என்ன கேட்பார், யார் பதில் சொல்வீர்கள், படகு சாயுமா, ஒன்றும் தெரியாமல் இங்கே கைகட்டி நிற்கப் போகிறேன்.

வீடியோ எல்லாம் வேண்டாம். அண்ணன் எடுத்தால் அவர் கட்டைவிரல்தான் பாதி தெரியும். நீங்கள் எழுதுங்கள். ஒன்றையும் விடாமல்.

ஜமுனா


கோட்டைக்குப்பம்,
23 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜமுனா,

ஒண்ணையும் விடாம எழுதுன்னே. உடம்பெல்லாம் வலி, குறிப்பா தோளு. ஆனாலும் எழுதாம இருக்க முடியல.

திங்கக்கிழமை விடிஞ்சதும் உங்க அண்ணன் போட்டையும் ஜான்சனோட மச்சான் போட்டையும் பக்கத்துல பக்கத்துல சேர்த்துக் கட்டி, மேல பலகை போட்டாங்க. காலைக் கழட்டிப் படுக்க வச்சுக் கொண்டுபோலாம்னு உங்க அண்ணன் சொன்னாரு. நாங்க முடியாதுன்னுட்டோம். நண்டு நின்னுக்கினுதான் போவணும், உசுரோட போற மாதிரி. ஆம்பளைங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம் கழியில தோள் குடுத்துத் தூக்கினோம். தூக்கும்போது யாரோ குலவை போட்டாங்க. அவ்ளோதான், கரை பூரா குலவை.

போட்டு மேல நண்டை நிறுத்தியாச்சு. அப்பத்தான் பிரச்சினை. கூட யாரு போறது? ஆம்பளைங்க ஏறிட்டாங்க. நாங்க கரையில நிக்கிறோம். நான் உனக்கு ஒண்ணு சொல்றேன். நான் கல்யாணம் ஆகி வந்து பதினெட்டு வருசம். அந்த போட்டோட மூக்குல சிவப்பு பெயிண்டுல 'மனோரமா'ன்னு எழுதியிருக்கு. புது போட்டு வாங்கினப்ப உங்க அண்ணன் ஆசையா எழுதினது. ஆனா அதுல நான் ஒருநாளும் கால் வச்சதில்ல. பொம்பளை ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லல, ஏறணும்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலை.

"நண்டு பாடு நாங்க போட்டது. நாங்கதான் கொண்டுபோய் ஒப்படைக்கணும்"னு சொல்லிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினேன். உங்க அண்ணன் என் மூஞ்சியைப் பார்த்தாரு. அப்புறம் குனிஞ்சு கை குடுத்தாரு. நான் ஏறினதும் எல்லாரும் ஏறிட்டாங்க. போட்டுல இடமில்லாம ரெண்டு ஆம்பளைங்களை இறக்கி விட வேண்டியதாப் போச்சு.

சீனிவாசன் சாரு நல்ல பேண்ட்டு, ஷூவு போட்டு, ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையும் மாட்டிக்கினு நண்டுக்குக் கீழ உட்கார்ந்துட்டாரு. பாவம், ரெண்டு கையாலயும் நண்டு காலைப் புடிச்சுக்கினு இருந்தாரு. ஏரி நடுவுல போனதும் மெதுவா என்னைக் கேட்டாரு: "இதை மறுபடியும் மறுபடியும் இப்படித் தூக்கிக்கிட்டே இருப்பீங்களா? அலுக்காதா?" நான் சொன்னேன், "சார், வருசா வருசம் சாமியைத் தூக்குறோம். யாரும் அலுப்பா இருக்குன்னு சாமியை ஒரே தெருவுல விட்டுட்டு வரல." அவரு சிரிச்சுட்டாரு.

சித்திரை மாசமாச்சே, ஏரியில தண்ணி கம்மி. பாதி வழியில போட்டு சேத்துல தட்டி நின்னுடுச்சு. நண்டு ஒரு ஆட்டம் ஆடிச்சு பாரு, எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. கோல் ஊனிப் பார்த்தாங்க, அசையல. "எல்லாரும் இறங்குங்க"ன்னாரு உங்க அண்ணன். தொபக்கு தொபக்குன்னு குதிச்சோம். முட்டிக்கால் தண்ணி, அதுக்குக் கீழ முட்டிக்கால் சேறு. சீனிவாசன் சாரு மட்டும் மேல உட்கார்ந்து, "நான் என்ன செய்யட்டும்?"ன்னு கேக்குறாரு. நாங்க எல்லாம் ஒரே நேரத்துல "எறங்குங்க சார்!"னு கத்தினோம். ஷூவோட இறங்கிட்டாரு. தள்ளு தள்ளுன்னு தள்ளுறோம், சிரிப்புல ஒருத்திக்கும் பலம் வரல. கத்தின கத்துல தூரத்துல மேஞ்சுக்கினு இருந்த பூநாரைக் கூட்டம் அப்படியே எழுந்துச்சு. வானம் பூரா ரோஸ் கலரு. எல்லாரும் தள்றதை விட்டுட்டு அண்ணாந்து பார்த்தோம். அப்புறம் ஒரே தம்முல தள்ளினோம், போட்டு நகர்ந்துடுச்சு. சாரோட ஒரு ஷூவு ஏரிக்குப் போச்சு. இன்னொண்ணையும் அவரே கழட்டி போட்டுக்குள்ள வீசிட்டாரு.

சுண்ணாம்புக்குளத்துக்காரங்க தண்ணிக்குள்ளயே நடந்து வந்து எதிர்கொண்டாங்க. நாகம்மாள் முன்னாடி. போட்டைத் தொட்டதுமே, "எங்க நண்டு வந்துடுச்சா!"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, ஒத்துக்கறேன். அப்புறம் அதுங்க தோள்ல கழியை மாத்திக் குடுத்தப்ப அந்தச் சுருக்கு எங்கயோ போயிடுச்சு. வெட்ட வெயில்ல, ஒரு செடி இல்லாத கரையில, நண்டை இறக்கி வச்சோம். நிழலு பொத்துன்னு தரையில விழுந்துச்சு. வலையில நீ விட்ட பொத்தல் வழியா சின்னச் சின்ன வெளிச்சம். நாகம்மாள் யாரையும் பார்க்கல, ஒண்ணும் பேசல. அடியில போய்க் கைகாலை நீட்டிப் படுத்துடுச்சு. ஈரத் துணியோட. கண்ணை மூடிக்கினு அப்படியே கிடந்துச்சு. அவ்ளோ பேசுற பொம்பளை.

சீனிவாசன் சாரு அது கண்ணைத் திறக்கிற வரைக்கும் காத்திருந்து, "எப்படி இருக்கும்மா?"ன்னு கேட்டாரு. "வந்து உட்கார்ந்து பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க"ன்னுச்சு. உட்கார்ந்தாரு. எறாக் குழம்பும் சோறும் தட்டுல வந்துச்சு, அங்கயே சாப்பிட்டாரு. அங்கேருந்தே கார்ல கிளம்பும்போது என்கிட்ட, "ஜமுனாகிட்ட நானே பேசறேன். பேர்ப் பலகை வேண்டாம். அடுத்த பாடு எப்பன்னு மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க, என் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கிட்டு வரேன்"ன்னாரு. அந்தப் பெரிய வேலையும் உனக்குத்தான்னு அவரு முகத்துல தெரிஞ்சுச்சு. ஆனா அதை அவரு வாயால நீ கேளு.

திரும்பி வரும்போதுதான் கவனிச்சேன். போட்டு மேல போட்ட பலகை காலியா இருந்துச்சு. போகும்போது நண்டு கால்களுக்கு நடுவுல ஒடுங்கிக்கினு போனோம். இப்ப அத்தனை இடமும் எங்களுக்கு. காலை நீட்டினோம். ஒருத்தி மடியில ஒருத்தி தலை வச்சுப் படுத்தா. காத்துல முந்தானை எல்லாம் பறக்குது, யாரும் இழுத்துச் செருகல. தூரத்துல நம்ம கரையும் பூவரச மரமும் தெரிஞ்சுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கணும், உலை வைக்கணும்.

"ஏங்க"ன்னு உங்க அண்ணனைக் கூப்பிட்டேன். "முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டுப் போலாமா? ஏரி கடலோட சேர்ற இடத்தை நான் தண்ணியிலேருந்து பார்த்ததில்ல."

அவரு போட்டைத் திருப்பினாரு.

மனோரமா